உங்கள் ஓட்டு எந்த வார்டில் இருக்கிறது? பெயர் சேர்ப்பதிலிருந்து கவுன்சிலரிடம் கணக்குக் கேட்பது வரை

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். காலை ஏழேகாலுக்கே வரிசையில் நின்றுவிட்டேன். கையில் வாக்காளர் அட்டை, பையில் ஆதார். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே போனபோது, மேசையில் இருந்தவர் பட்டியல் மேல் ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "இந்தப் பாகத்துல உங்க பேர் இல்லைங்கம்மா" என்றார். அட்டையைக் காட்டினேன். "அட்டை இருந்தா போதாது, லிஸ்ட்ல இருக்கணும்" என்றார். பழைய வீட்டைக் காலி செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே சரிபார்க்கப் போனவர்கள் 'குடிபெயர்ந்தவர்' என்று எழுதி என் பெயரை எடுத்திருந்தார்கள்.

அதே வருஷம் மழைக்காலத்தில், புது வீட்டுத் தெருவில் பாதியில் நின்றுபோன வடிகாலைப் பற்றிச் சொல்லக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க ஓட்டு எங்கம்மா இருக்கு?" என்னிடம் பதில் இல்லை. வேலையும் நகரவில்லை.

இந்த இரண்டையும் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆனது. முறை தெரிந்திருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் முதல்முறை ஓட்டுப் போடப்போகிறவர்கள், வாடகை வீடு மாறியவர்கள், 'ஜெயிச்சுப் போனவங்களை யார் கேக்கறது' என்று நினைப்பவர்கள், உங்கள் எல்லோருக்காகவும் படிப்படியாக எழுதுகிறேன்.

1. அட்டையை அல்ல, பட்டியலைப் பாருங்கள்

வாக்காளர் அட்டை உங்கள் அடையாளத்துக்குச் சான்று, அவ்வளவுதான். ஓட்டுரிமை பட்டியலில் இருக்கும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கைபேசி எண்ணை வைத்தும், பெயர், வயது, மாவட்டம் கொடுத்தும் தேடலாம். இணையம் வசதிப்படாவிட்டால் 1950-க்குப் போன் போடுங்கள். கட்டணம் எதுவும் கிடையாது.

கிடைக்கும் விவரத்தில் நான்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சட்டமன்றத் தொகுதி, பாகம் எண் (பட்டியலில் உங்கள் பகுதிக்கான பிரிவு), வரிசை எண், வாக்குச்சாவடி. அந்தப் பாகத்துக்கான வாக்குச்சாவடி நிலை அலுவலரின் பெயரும் எண்ணும் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். எங்கள் பகுதிக்கு ஓர் அங்கன்வாடி அக்காதான். அந்த எண்ணைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பல சிக்கல்கள் அவரோடு பேசும் ஐந்து நிமிடத்திலேயே தீர்ந்துவிடும்.

'போன தேர்தல்ல ஓட்டுப் போட்டேனே, பேர் எங்கே போகும்' என்று இருந்துவிடாதீர்கள். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில், வீடுவீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது, 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடியாகக் குறைந்திருந்தன. ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள், முகவரி மாறியவர்கள் என்று காரணங்கள் உண்டு. ஆனால் என்னைப் போல அதே ஊரில் நாலு தெரு தள்ளிக் குடிபோனவர்களும் அந்த 'முகவரி மாறியவர்கள்' கணக்கில்தான் வருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் பழக்கம் நல்லது.

உள்ளாட்சித் தேர்தலுக்கு இன்னொன்றையும் கவனியுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்து வெளியிடும். பிரிக்கும்போது தெருவின் ஒரு பக்கம் பக்கத்து வார்டுக்குப் போய்விடுவது உண்டு. அதனால் சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருந்தாலும், உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கும் முன் வார்டுப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2. எந்தப் படிவம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான் இரண்டு மாதம் இழந்தது இந்த இடத்தில்தான். சிறப்பு முகாமுக்குப் போய் "வீடு மாறிட்டேன்" என்றேன். படிவம் 8-ஐக் கொடுத்தார்கள், நிரப்பிக் கொடுத்தேன். அது நிராகரிக்கப்பட்டது. காரணம், மாற்றுவதற்குப் பட்டியலில் என் பெயரே இல்லை. முகவரி மாற்றம் என்பது இருக்கும் பதிவுக்குத்தான்.

பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அதாவது முதல்முறை சேர்க்கிறீர்கள் அல்லது நீக்கிவிட்டார்கள் என்றால் படிவம் 6. பெயர் பழைய முகவரியில் இன்னும் இருக்கிறது என்றால் படிவம் 8. எழுத்துப் பிழை திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு, இவற்றுக்கும் அதே படிவம் 8தான். இறந்துபோன பெற்றோரின் பெயரை நீக்க வேண்டுமென்றால் படிவம் 7.

இதற்கு நேரெதிரான தவறையும் நிறையப் பேர் செய்கிறார்கள். பழைய ஊரில் பெயர் இருக்கும்போதே புது ஊரில் படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். வேறெங்கும் என் பெயர் இல்லை என்று அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு உறுதி கொடுக்கிறீர்கள். அது பொய்யென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஊரில் பாட்டி வீட்டு முகவரியில் ஒன்று, வேலை பார்க்கும் ஊரில் ஒன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே.

படிவம் 6-க்கு வேண்டியவை: ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், வயதுச் சான்று (பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்று), முகவரிச் சான்று. வீட்டில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவரின் அட்டை எண்ணும் கையில் இருக்கட்டும். அது இருந்தால் ஒரே வீட்டுக்காரர்களை ஒரே பாகத்தில் சேர்க்க வசதி.

முகவரிச் சான்று வாடகைக்காரர்களுக்குத்தான் தலைவலி. எங்கள் வீட்டில் கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு வெற்று முத்திரைத்தாளில் எழுதியது. பதிவு செய்ததைத்தான் ஏற்பார்கள். எனக்குக் கைகொடுத்தது வங்கிப் பாஸ்புக். கிளைக்குப் போய் முகவரியை மாற்றி, புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். ஆதாரில் முகவரியை மாற்றிக் கொடுப்பது இன்னும் எளிது. கணவர் அல்லது மனைவி பெயரில், பெற்றோர் பெயரில் இருக்கும் சான்றும் செல்லும். எந்தக் காகிதமும் இல்லாவிட்டாலும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அலுவலர் நேரில் வந்து, நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று பார்த்து எழுதினால் போதும். வீடே இல்லாமல் நடைபாதையில் தூங்குபவர்களுக்குக்கூட, இரவில் வந்து பார்த்துப் பெயர் சேர்க்க வழி இருக்கிறது. இதை வெளியே சொல்லுங்கள்; தேவைப்படுகிறவர்கள் பலருக்குத் தெரியாது.

வயதைப் பொறுத்தவரை, 18 முடிந்த பிறகும் அடுத்த ஜனவரி 1 வரை காத்திருக்கும் காலம் போய்விட்டது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்துக்கு நான்கு தகுதி நாட்கள். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் கொடுத்ததும் ஒரு குறிப்பு எண் வரும். அது இல்லாமல் வெளியே வராதீர்கள். கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து "குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று வாங்கிப் போவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் எங்கள் தெருவில் அப்படிக் கொடுத்த மூன்று வீட்டுக்கு இன்றுவரை எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. விண்ணப்பம் வந்த விவரத்தை ஆட்சேபணைக்காகக் குறைந்தது ஏழு நாள் வெளியிட்டு வைத்த பிறகுதான் முடிவெடுப்பார்கள். நடுவில் அலுவலர் வீட்டுக்கு வருவார். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், முன்கூட்டியே போன் செய்து எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். 'வீடு பூட்டியிருந்தது' என்பது நிராகரிப்புக்கான சாதாரணக் காரணம். படிவம் 6 கொடுத்த பிறகு எனக்கு 26 நாளில் முடிந்தது. அட்டை தபாலில் வந்தது.

தேர்தல் அறிவித்த பிறகும் பெயர் சேர்க்கலாம், ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்படும். சரிபார்க்க நாள் வேண்டும் என்பதால், அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

3. நிராகரித்தால் அதோடு விடாதீர்கள்

நிராகரித்தால் வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவு இருக்கும். அதை எதிர்த்து 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் சரிவரவில்லை என்றால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. ஆனால் தவறு உங்கள் காகிதத்தில்தான் என்றால், என்னுடையது போல, மேல்முறையீட்டில் நாளைக் கழிக்காமல் சரியான படிவத்தைப் புதிதாகக் கொடுப்பதே சீக்கிரம்.

4. ஓட்டுப் போடும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் கொடுத்தே ஆக வேண்டும். சொத்து, கடன், படிப்பு, நிலுவையில் இருக்கும் வழக்குகள் எல்லாம் அதில் வரும். மனு தாக்கல் ஆனதும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள். ஆணையத்தின் செயலியிலும் பார்க்கலாம். இருபது இருபத்தைந்து பக்கத்தையும் படிக்க வேண்டாம். வழக்குகள் பகுதியில் எந்தச் சட்டப் பிரிவு என்று பாருங்கள். ஊரடங்கை மீறி மறியல் செய்த வழக்கும் மோசடி வழக்கும் ஒன்றல்ல. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் போன தேர்தலின் பத்திரத்தையும் இறக்கிப் பக்கத்தில் வைத்து, சொத்துக் கணக்கை ஒப்பிடுங்கள். நான் இதை முதன்முதலாகச் செய்த அன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு வரை அதே பேச்சுதான்.

பணம் பட்டுவாடா நடந்தால் தேர்தல் ஆணையத்தின் புகார் வசதியான சி-விஜில் மூலம் அந்த இடத்திலிருந்தே படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். முன்பே எடுத்துக் கைபேசியில் வைத்திருக்கும் படத்தை அது ஏற்காது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அவர்களின் இலக்கு. உங்கள் பெயரைச் சொல்லாமலும் அனுப்பலாம். வாங்குவதும் குற்றம் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலே பணப் பட்டுவாடா காரணமாக ரத்தானது. ஓட்டுப் போடத் தயாராக இருந்த அத்தனை பேரும் மூன்றரை மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

5. வாக்குச்சாவடியில்

வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்று போதும். ரேஷன் அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை மட்டும் காட்டியும் ஓட்டுப் போட முடியாது. 2019-லிருந்து அது வெறும் தகவல் சீட்டுதான். இந்த இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்து திரும்பிப் போன பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

'பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டுப் போடலாம்' என்று ஒவ்வொரு தேர்தலிலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். நம்பாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அன்று ஓட்டு இல்லை, அவ்வளவுதான். நானும் அதை நம்பி அன்று அங்கே அரை மணி நேரம் வாதாடினேன். ஆனால் பெயர் இருந்து, உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் நிலைமை வேறு. தேர்தல் நடத்தை விதி 49P படி ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் நீங்கள் யார் என்று உறுதி செய்துகொண்டு காகித வாக்குச்சீட்டு தருவார். அதைத் தனி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது, வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் பார்ப்பார்கள். இருந்தாலும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அதுதான் அரசு ஆவணம்.

பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி தெரியும். அதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

வாக்குப்பதிவு நாளில் தனியார் நிறுவனமும் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்பது சட்டம், தினக்கூலிக்காரர்களுக்கும் பொருந்தும். 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் படிவம் 12-டி கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த ஐந்து நாளைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

6. எதை யாரிடம் கேட்பது

சரி, ஓட்டுப் போட்டாயிற்று. இனி ஐந்து வருஷம். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர்க் குழாய், தெருச்சாலை எல்லாம் நகரத்தில் கவுன்சிலர், கிராமத்தில் ஊராட்சி. எம்.எல்.ஏ.விடம் போய்த் தெருவிளக்கைப் பற்றிச் சொன்னால் அவரும் மாநகராட்சி ஆணையருக்குத்தான் ஒரு கடிதம் எழுதுவார். ரேஷன் கடைக் கட்டடம், அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை போன்றவற்றுக்கு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி. அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும். இந்தப் பணம் அவர்கள் கைக்கு வராது. அவர்கள் பரிந்துரைப்பார்கள், மாவட்ட நிர்வாகம் செலவு செய்யும். அதனால் 'பணம் வரலை' என்று யாராவது சொன்னால், பரிந்துரைக் கடிதம் போனதா, எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே தெளிவாகிவிடும்.

தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே, வருங்கால வைப்பு நிதி போன்றவை எம்.பி. எல்லைக்குள் வரும். அவர் எத்தனை நாள் அவைக்குப் போனார், என்ன கேள்வி கேட்டார் என்பதை நாடாளுமன்ற இணையதளத்திலேயே பார்க்கலாம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு எங்களிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத அந்தக் காலத்திலும் கிராம சபை உண்டு, கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. ஒரு பொறியில் மட்டும் விழாதீர்கள்: வந்ததும் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வது. தீர்மானம் எழுதி, சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்திடுங்கள். உங்கள் கோரிக்கை தீர்மான எண்ணோடு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்காரர்களுக்கு, கிராம சபை போல மக்கள் கூடிப் பேச, வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. உங்கள் பகுதியில் எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்பதே ஒரு நல்ல தொடக்கம்.

7. வாயால் சொன்னது கணக்கில் வராது

கவுன்சிலரிடம் மூன்று முறை நேரில் சொன்னேன், இரண்டு முறை போனில். "பாக்கறேம்மா" என்றார் ஒவ்வொரு முறையும். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் ஒரு நாளைக்கு நாற்பது பேர் பேசுகிறார்கள். எழுதிக் கொடுத்தால்தான் அவருக்கும் நினைவிருக்கும், உங்களுக்கும் பிடி இருக்கும்.

ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த மின்கம்பத்திலிருந்து எந்த வீடு வரை, என்ன குறை, எப்போதிலிருந்து. ஒரு மனுவில் ஒரே குறை. தெருவிளக்கையும் நாய்த் தொல்லையையும் வடிகாலையும் ஒன்றாக எழுதினால் மூன்று துறைக்கும் சுற்றும், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண்ணைக் கையெழுத்துக்குக் கீழே எழுதுங்கள். கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் நான் அப்படி எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 'உங்க ஓட்டு எங்க இருக்கு' என்ற கேள்வி வரவில்லை.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண்ணோடு ரசீது தருவார்கள். 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணிலும் பதியலாம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்பிப் புகாரை முடித்துவிடுவார்கள், தெருவில் ஒன்றும் நடந்திருக்காது. அப்போது கோபப்பட்டு விட்டுவிடாமல், அந்தப் பழைய எண்ணைக் குறிப்பிட்டு, அன்றைய தேதியில் எடுத்த படத்தோடு மறுபடி பதியுங்கள். என் வடிகால் புகார் அப்படி இரண்டு முறை முடிந்துபோனது. அடுத்த படிக்கு அந்த இரண்டு எண்களும் உதவின.

8. பத்து ரூபாய் மனு

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. ஒரு குடிமகனின் கையில் இருப்பவற்றில் இதைவிடக் கூர்மையான கருவி இல்லை என்பது என் அனுபவம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. மாநில அரசு அலுவலகம், மாநகராட்சி, ஊராட்சி என்றால் மனுவில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர். இதை மாற்றிச் செய்தால் கட்டணம் வரவில்லை என்று மனு திரும்பி வரும். தமிழ்நாடு அரசின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

'பொதுத் தகவல் அலுவலர்' என்று விலாசமிட்டால் போதும், அவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. சட்டமே அப்படிச் சொல்கிறது.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என் முதல் மனுவில் 'எங்கள் தெருவில் வடிகால் ஏன் பாதியில் நிற்கிறது? இதற்கு யார் பொறுப்பு?' என்று எழுதினேன். 'தாங்கள் கோருவது தகவல் அல்ல' என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஏன், எதற்கு, சரியா தவறா என்பவை கருத்து. சட்டம் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தை. இரண்டாவது மனுவில் இப்படி எழுதினேன்:

'... வார்டு, ... தெருவில் 2022 ஏப்ரல் முதல் இன்றுவரை நடந்த மழைநீர் வடிகால் பணி தொடர்பாக: (1) பணி ஆணையின் நகல். (2) மதிப்பீட்டின் நகல். (3) அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்கான பக்கங்களின் நகல். (4) ஒப்பந்ததாரருக்கு வழங்கிய தொகையும் வழங்கிய தேதிகளும். (5) குறைபாடுகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் எந்தத் தேதியோடு முடிகிறது என்று காட்டும் ஒப்பந்தப் பக்கத்தின் நகல்.'

அளவுப் புத்தகம் என்பதைப் பொறியாளர்கள் 'எம் புக்' என்பார்கள். வேலை எத்தனை மீட்டர் நடந்தது என்று இளநிலைப் பொறியாளர் அளந்து எழுதும் புத்தகம் அது. அதைப் பார்த்துத்தான் பில் போகும். இந்த ஒரு நகலைக் கேட்க மறக்காதீர்கள்.

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் மனுவின் நகலையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். 30 நாள் தாண்டிவிட்டால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். அதன் பிறகும் பணம் கட்டச் சொன்னால் பிரிவு 7(6)-ஐக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நான் கேட்டதற்கு 14 பக்கம், 28 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். வந்த அளவுப் புத்தகப் பக்கத்தில் வடிகால் நீளம் 110 மீட்டர் என்று இருந்தது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து அளந்தோம். மூன்றாவது வீட்டுப் படிக்கட்டில் ஆரம்பித்து, காரை உதிர்ந்து கம்பி தெரியும் இடத்தில் முடிகிறது. 64 மீட்டர். அதற்கப்புறம் மண்.

யாரையும் திட்டி எழுதவில்லை. அந்தப் பக்கத்தின் நகல், நாடா வைத்து எடுத்த படங்கள், முடித்துவைத்த இரண்டு புகார் எண்கள், இவற்றை இணைத்து ஆணையருக்கு ஒரு மனு. ஒரு பிரதி கவுன்சிலருக்கு. பதினோராம் நாள் பொறியாளர் ஒருவர் நாடாவோடு வந்தார். கவுன்சிலரும் கூடவே வந்தார், அவரும் அந்தப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மூன்று மாதத்தில் மீதி நீளத்துக்கும் வடிகால் வந்தது.

9. பதில் வராவிட்டால்

30 நாள் முடிந்ததும் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு எழுதுங்கள். கட்டணம் இல்லை. முதல் மனுவின் நகல், அனுப்பிய ரசீது, என்ன தரவில்லை என்று ஒரு பத்தி, அவ்வளவு போதும். நிறைய இடத்தில் மேல்முறையீடு போன பிறகுதான் கோப்பு நகரும். அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. விசாரணைக்கு வர நாளாகும், அதற்குத் தயாராக இருங்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

தனிநபர் தகவல் என்று காரணம் காட்டி மறுப்பது இப்போது அதிகமாகிறது. அதனால் ஆட்களைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: எத்தனை மீட்டர், எவ்வளவு தொகை, எந்தத் தேதி.

தனியாகப் போகாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் மனு போட்ட செய்தி தெரிந்ததும் அறிமுகமில்லாத ஒருவர் வீட்டுக்கு வந்து, "எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போன ஒவ்வொரு மனுவிலும் தெருவில் ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மறுபடி யாரும் வரவில்லை.

10. ஒரு கோப்பு வையுங்கள்

கடைசியாக, ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி எல்லாவற்றையும் தேதி வாரியாகப் போட்டு வையுங்கள்: பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் அச்சு, மனுக்களின் சீல் போட்ட பிரதிகள், பதில்கள், ஜெயித்தவரின் பிரமாணப் பத்திரம், அவர் தெருவில் கொடுத்த வாக்குறுதி நோட்டீஸ். நோட்டீஸை யாரும் எடுத்து வைப்பதில்லை. அடுத்த தேர்தலில் அவர் வாசலுக்கு வரும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முடிந்ததும் செய்யக்கூடிய இன்னொன்று இருக்கிறது. வேட்பாளர்கள் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். 2022-ல் உயர்த்திய வரம்புப்படி தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். தேர்தல் நடத்தை விதிப்படி அதற்குக் கட்டணம் ஒரு ரூபாய். உங்கள் தெருவுக்கு எத்தனை பந்தல், எத்தனை வண்டி, எத்தனை தட்டுச் சாப்பாடு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். போய்க் கேட்டு, அந்தக் கணக்கில் எத்தனை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.